கணக்கு வகுப்பில் தமிழ் பேசினால் அபராதமா? எங்கள் பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

பள்ளித் தாளாளர் ஐயா, தலைமையாசிரியர் அம்மா, நிர்வாகக் குழுவில் உள்ள பெரியவர்கள் அனைவருக்கும்,

இந்த ஆண்டு பள்ளி திறந்த வாரத்தில் பிள்ளைகளிடம் ஒரு சுற்றறிக்கை கொடுத்தனுப்பினீர்கள். ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்குப் பாடம் இனி ஆங்கிலத்தில் மட்டும்தான் நடக்கும் என்று அதில் இருந்தது. கூடவே 140 கணக்குச் சொற்கள் கொண்ட ஜெராக்ஸ் பட்டியல் ஒன்று. அதை ஸ்பெல்லிங்கோடு மனப்பாடம் செய்ய வேண்டும், வெள்ளிக்கிழமை தோறும் டெஸ்ட். கணக்கு வகுப்பில் தமிழ்ச் சொல்லைப் பேசினால் இரண்டு ரூபாய் அபராதம், விடைத்தாளில் எழுதினால் மதிப்பெண் கிடையாது. அப்போதே நாங்கள் சிலர் நேரில் வந்து பேசினோம். "காலாண்டு வரைக்கும் பொறுத்துப் பாருங்க, அப்புறம் நீங்களே வந்து பாராட்டுவீங்க" என்று சொல்லி அனுப்பினீர்கள். பொறுத்துப் பார்த்தோம். காலாண்டு விடைத்தாள்கள் இப்போது என் முன்னால் கிடக்கின்றன. வாய்ப்பேச்சாகச் சொன்னது அலுவலக வாசலைத் தாண்டவில்லை என்பதால் இந்த முறை ஊரறிய எழுதுகிறேன்.

நான் உங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புப் படிக்கும் பெண்ணின் அம்மா. பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டுத் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தவள். கல்யாணமாகிச் சென்னிமலைப் பக்கம் வந்த பிறகு, பொழுதோட எங்கள் வீட்டுத் திண்ணையில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறேன். காசு வாங்குவதில்லை. வருகிறவர்கள் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள், கட்டட வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகள், மஞ்சள் வெட்டுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர்களின் பிள்ளைகள். பெரும்பாலோர் உங்கள் பள்ளிதான். ஆகவே நான் சொல்லப்போவது என் மகள் ஒருத்தியைப் பற்றி மட்டும் இல்லை.

முதலில் அந்த விடைத்தாள்கள். ஏழாம் வகுப்பு வினாத்தாளில் ஒரு கேள்வி: 40 மீட்டர் நீளமும் 25 மீட்டர் அகலமும் உள்ள செவ்வக நிலத்தின் பெரிமீட்டர் என்ன? திண்ணைக்கு வரும் பிள்ளைகளில் பாதிக்கு மேல் 1,000 என்று எழுதியிருந்தார்கள். நாற்பதையும் இருபத்தைந்தையும் பெருக்கியிருக்கிறார்கள். பெருக்கல் சரி, ஆனால் அது பரப்பளவு. கேட்டது சுற்றளவு. அன்றைக்குச் சாயந்திரமே அவர்களிடம் வேறு மாதிரி கேட்டேன். "நம்ம கொறங்காடு நாப்பது மீட்டர் நீளம், இருபத்தஞ்சு மீட்டர் அகலம். சுத்தியும் கிளுவை வேலி வெக்கோணும். எத்தனை மீட்டருக்கு வேலி?" யாரும் நோட்டைக்கூடத் திறக்கவில்லை. "நூத்தி முப்பதுங்க்கா" என்று இரண்டு மூன்று குரல் சேர்ந்து வந்தது. அப்புறம் ஒரு பையன், "படலுக்கு எடம் உட வேண்டாமுங்களா?" என்று என்னையே மடக்கினான். படல் எவ்வளவு அகலம் என்று நான் சொல்ல மறந்துவிட்டேனாம்!

அந்தப் பையன் தேர்வில் இந்தக் கேள்விக்கு வாங்கிய மதிப்பெண் பூஜ்யம். வெள்ளிக்கிழமை டெஸ்டில் பெரிமீட்டர் என்ற சொல்லுக்கு ஸ்பெல்லிங் சரியாக எழுதி முழு மதிப்பெண் வாங்கியவனும் அவன்தான். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நீங்கள் ஒரு முறை பார்க்க வேண்டும்.

இன்னொரு பெண்ணைப் பற்றிச் சொல்கிறேன். பட்டியல் முழுவதும் தலைகீழாகத் தெரியும் அவளுக்கு. பேரலல், பெர்பெண்டிகுலர், டிரான்ஸ்வெர்சல் என்று எதைக் கேட்டாலும் எழுத்துப் பிசகாமல் சொல்வாள். அவள் அப்பா பெட்ஷீட் நெய்கிறவர், வீட்டிலேயே தறி இருக்கிறது. "உங்க வீட்டுத் தறியில எது எதுக்குப் பெர்பெண்டிகுலர்?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் விழித்துவிட்டு, "தறியில எல்லாம் அது இருக்குதுங்களா?" என்று கேட்டாள். பாவு நூல்கள் எல்லாம் எப்படிப் போகும் என்று கேட்டதும் கையை நீட்டிக் காட்டினாள். ஒன்றையொன்று தொடாமல், இடைவெளி மாறாமல் போகும் என்றாள். அதுதான் இணைகோடு. ஊடை எப்படிப் போகும் என்றதும் பாவுக்குக் குறுக்காகக் கையை வைத்தாள். கொஞ்சம் சாய்ந்து போனால் என்ன ஆகும் என்றேன். "துணி கோணிக்கும், அப்பா திட்டுவாங்க" என்றாள். சாயாமல் 90 பாகையில் போனால் அது செங்குத்து, அதுதான் நீ எழுதுகிற பெர்பெண்டிகுலர் என்று சொன்னபோது அவள் முகம் மலர்ந்தது. அடுத்த நாள் வகுப்பில் இதைச் சொல்லப் போய், "பாவு", "ஊடை" என்று இரண்டு தமிழ்ச் சொல் வாயில் வந்ததற்காக நிற்க வைக்கப்பட்டாள்.

இதில் கணக்கு ஆசிரியர் மேல் எனக்குத் துளியும் வருத்தமில்லை. நல்ல மனிதர். கதவைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தித் தமிழில் ஒரு வரி சொல்லிவிட்டுத்தான் அடுத்த கணக்குக்குப் போகிறார் என்று பிள்ளைகளே சொல்கிறார்கள். கணக்குச் சொல்லித்தர ஓர் ஆசிரியர் ஒளிய வேண்டியிருக்கிறது. அந்த நிலைமைக்குக் காரணம் சுற்றறிக்கை.

பின்னத்துக்கு வருகிறேன். என்னைக் கேட்டால், ஆறாம் வகுப்பில் பிள்ளைகள் கணக்கை விட்டு விலகத் தொடங்குவது இங்கேதான். 1/8 பெரிதா, 1/4 பெரிதா என்று கேட்டால் நிறையப் பேர் 1/8 என்கிறார்கள். நாலை விட எட்டு பெரிதல்லவா! உங்கள் பட்டியலில் டினாமினேட்டருக்கு எதிரே கொடுத்திருக்கும் விளக்கம் ‘பாட்டம் நம்பர்’. கீழே இருக்கிறது என்பது அந்த எண் உட்கார்ந்திருக்கும் இடம், அவ்வளவுதான். முழுதை எத்தனை சம பங்காகப் பிரித்தோம் என்பதை அந்த எண் சொல்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால், நியூமரேட்டர், டினாமினேட்டர் என்று ஆயிரம் தடவை எழுத வைத்தும் பயனில்லை.

நம் பக்கத்தில் பங்குக் கிணறுகள் எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழுவில் உள்ள பெரியவர்கள் பலரும் விவசாயிகள்தான். அண்ணன் தம்பிகளுக்குள் காட்டைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்க முடியாது. தண்ணீர் முறையைத்தான் பிரிக்கிறோம். பத்திரத்தில் ‘பொதுக் கிணற்றில் நாலில் ஒரு பாகம்’ என்று எழுதுகிறோம். அந்தக் கால் பங்கு வைத்திருப்பவருக்கு இரண்டு மகன்கள் என்றால் ஆளுக்கு அரைக்கால். அந்த அரைக்காலும் இரண்டாகப் பிரிந்தால் வீசம். பள்ளிக்கூடம் பக்கமே போகாத என் மாமியார் இதை மூச்சு விடாமல் சொல்வார். காலில் பாதி அரைக்கால், அதாவது 1/8. அதில் பாதி வீசம், அதாவது 1/16. ஒரு நாள் முழுக்க 24 மணி நேர முறை என்று வைத்துக்கொண்டால், கால் பங்குக்காரருக்கு 6 மணி நேரம், அரைக்காலுக்கு 3 மணி நேரம், வீசத்துக்கு ஒன்றரை மணி நேரம். கீழே இருக்கும் எண் ஏற ஏற, தண்ணீர் குறைகிறது. இதைத் திண்ணையில் சொன்ன அன்றைக்கு 1/8 பெரிது என்றவர்கள் சத்தமில்லாமல் திருத்திக்கொண்டார்கள். ஒரு பிள்ளை மட்டும், "அப்ப எங்களுக்கு வீசந்தானுங்களா இருக்குது?" என்று கேட்டுவிட்டுக் கவலையாக உட்கார்ந்திருந்தது. வீட்டில் பங்காளிப் பேச்சு எதையோ கேட்டிருக்கும் போலிருக்கிறது. அது வேறு கதை.

இந்தப் பாடத்தை உங்கள் வகுப்பறைக்குள் வைத்து நடத்தினால், கால், அரைக்கால், வீசம், பங்கு, முறை என்று கணக்கிட்டுப் பத்து ரூபாய் வசூலித்துவிடலாம்.

சரி, பட்டியல்தான் இனி எல்லாம் என்று முடிவு செய்தீர்கள். அதையாவது சரியாக அச்சடித்திருக்க வேண்டாமா? ‘லைன்’ என்பதற்கு, இரண்டு முனைகள் உடையது என்று ஆங்கிலத்தில் போட்டிருக்கிறது. இரண்டு முனை இருந்தால் அது கோட்டுத்துண்டு. கோடு என்பது இரு பக்கமும் முடிவில்லாமல் போவது. ஒரு புள்ளியில் தொடங்கி ஒரு பக்கம் மட்டும் முடிவில்லாமல் போனால் கதிர். வடிவியலில் பிள்ளைகள் முதல் முதலாகக் கற்கும் மூன்று விஷயங்கள் இவை, அதிலேயே குழப்பம். அடுத்த பக்கத்தில், மிகச் சிறிய பிரைம் நம்பர் 1 என்று இருக்கிறது. தவறு. பகா எண் என்றால் அதற்குச் சரியாக இரண்டு காரணிகள் இருக்க வேண்டும், 1 ஒன்று, அதே எண் இன்னொன்று. 1-க்கு இருப்பது ஒரே ஒரு காரணி. அதனால் அது பகா எண்ணும் இல்லை, பகு எண்ணும் இல்லை. மிகச் சிறிய பகா எண் 2. இரட்டைப்படை எண்களில் பகா எண்ணாக இருப்பதும் அது ஒன்றுதான். என் மகள் டெஸ்டில் 2 என்று எழுதினாள். சிவப்பு மையில் அடித்து 1 என்று திருத்தி வந்தது. ஒவ்வொரு டிசம்பர் 22-ஆம் தேதியும் பள்ளியில் கணித தினம் கொண்டாடி, 1887-இல் ஈரோட்டில் பிறந்த ராமானுஜன் நம்ம ஊர்க்காரர் என்று மைக்கில் பெருமை பேசுகிறோம். எண்களோடு வாழ்ந்த மனிதர் அவர். வருகிற டிசம்பரில் அவர் படத்துக்கு மாலை போடுவதற்கு முன்பாவது அந்தப் பக்கத்தைத் திருத்திவிடுங்கள்.

ரோம்பஸ் என்பதற்கு ‘டைமண்ட் ஷேப்’ என்று போட்டிருப்பது இன்னொரு வினை. சாய்சதுரத்துக்கு நாலு பக்கமும் சமம் என்பதுதான் இலக்கணம். அதைச் சொல்லாமல் வைரத்தைச் சொன்னதால், ஒரு சதுரத்தை மூலையில் நிற்பது போலச் சாய்த்து வரைந்தால் பிள்ளைகள் அதைச் சதுரம் என்று ஒப்புக்கொள்வதில்லை. தாளைத் திருப்பிக் காட்டினால் சதுரம் என்கிறார்கள், மறுபடி சாய்த்தால் டைமண்ட் என்கிறார்கள். முக்கோணமும் அப்படித்தான். அடிப்பக்கம் படுக்கையாக இருந்தால்தான் அவர்களுக்கு முக்கோணம்.

இது நம் பிள்ளைகளுக்கு மட்டும் உள்ள குறை இல்லை. நெதர்லாந்தில் ஆசிரியர்களாக இருந்த பியர் வான் ஹீலே, டினா வான் ஹீலே என்ற தம்பதி 1957-இல் தங்கள் ஆய்வேடுகளில் இதைத்தான் எழுதினார்கள். பிள்ளைகள் முதலில் ஒரு வடிவத்தை அதன் மொத்தத் தோற்றத்தை வைத்து அடையாளம் காண்கிறார்கள். அப்புறம்தான் பக்கம், கோணம் என்று அதன் பண்புகளைப் பார்க்கிறார்கள். சதுரமும் ஒரு செவ்வகமே என்பது போன்ற உறவுகள் அதற்கும் பிறகு பிடிபடுகின்றன. ஒவ்வொரு படிக்கும் அதற்கென்று ஒரு பேச்சு இருக்கிறது. ஆசிரியர் மேல்படியில் நின்று பேசினால் கீழ்ப்படியில் இருக்கும் பிள்ளைக்கு அது புரியாது. பி.எட். படித்தவர்கள் அனைவரும் இதைக் கடந்துதான் வந்திருப்பார்கள். முதல் படியில் நிற்கும் பிள்ளையிடம் 140 சொல்லைக் கொடுத்து, அதையும் புரியாத மொழியில் கொடுத்தால், அந்தப் பிள்ளை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு என்ன செய்யும்?

வடிவத்தைக் கையால் தொடுவதற்கு நம் ஊரில் வழியா இல்லை? என் வீட்டுக்காரர் கட்டட மேஸ்திரி. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளை அவர் வேலை செய்யும் மனைக்குக் கூட்டிப் போனேன். கடைக்கால் தோண்டுவதற்கு முன் நூல் கட்டி மூலை பார்க்கிற வேலை. ஒரு நூலில் 3 அடி அளந்து குறி வைத்தார், மற்ற நூலில் 4 அடி அளந்து குறி வைத்தார், இரண்டு குறிக்கும் நடுவே டேப் பிடித்தார். சரியாக 5 அடி வந்தால் மூலை செங்கோணம், வராவிட்டால் நூலை நகர்த்து. மூன்றின் வர்க்கம் 9, நாலின் வர்க்கம் 16, கூட்டினால் 25, அது ஐந்தின் வர்க்கம். எட்டாம் வகுப்பில் வரப்போகும் பித்தாகரஸ் தேற்றத்தைப் பெயர் சொல்லாமலே காட்டிவிட்டார். அடுத்ததாக மூலைக்கு மூலை இரண்டு பக்கமும் டேப் பிடித்து, இரண்டு மூலைவிட்டமும் சமமா என்று பார்த்தார். எதிர்ப்பக்கங்கள் சமமாக இருந்தும் மூலைவிட்டங்கள் சமமில்லை என்றால், அறை செவ்வகமாக இல்லாமல் இணைகரமாக இழுத்துக்கொண்டு நிற்கிறது என்று அர்த்தம். அவர் கையில் இருந்த மூலைமட்டத்தைப் பார்த்துவிட்டு ஒரு பெண், "எங்க ஜாமெட்ரி பாக்ஸுலயும் இது இருக்குது, ஆனா எதுக்குன்னு தெரியாது" என்றாள். பாடப்புத்தகத்திலும் அதற்குப் பெயர் மூலைமட்டம்தான்.

தென்னையை வைத்தும் ஒரு கணக்குப் போட்டோம். 25 அடிக்கு 25 அடி சதுரமாக நட்டால் ஒரு மரத்துக்கு 625 சதுர அடி. ஏக்கர் 43,560 சதுர அடி, ஆகவே சுமார் 70 மரம். பக்கத்து மூன்று மரமும் சமபக்க முக்கோணமாக அமையும்படி நட்டால், மரத்துக்கு மரம் அதே 25 அடி இருந்தும் சுமார் 80 மரம் பிடிக்கும். பத்து மரம் எங்கிருந்து கூடுதலாக வந்தது என்று அன்று ராத்திரி ஏழெட்டு மணி வரை சண்டை. ஈக்விலேட்டரல் என்ற சொல்லையும் நான் அன்றைக்குத்தான் சொல்லிக்கொடுத்தேன். இப்போது யாரும் அதை மறப்பதில்லை.

உங்கள் பள்ளியில் கரும்பலகைக்கான மரக் கவராயமும் பெரிய பாகைமானியும் இருக்கின்றன. அலுவலக பீரோவுக்கு மேலே, போன வருஷக் கொடிக்கயிற்றோடு கிடக்கின்றன. கோணம் அளக்கத் தெரியாத பிள்ளைகள் பாகைமானியில் 60 இருக்கும் இடத்தில் 120 என்று படித்துவிடுவது எங்கும் நடக்கிற பிழைதான், அதில் இரண்டு வரிசை எண்கள் இருக்கின்றன. செங்கோணத்தை விடக் குறுகலாக இருந்தால் குறுங்கோணம், விரிந்திருந்தால் விரிகோணம் என்று கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டு அளக்கிற பிள்ளை அந்தப் பிழையைத் தானே கண்டுபிடித்துக்கொள்ளும். அக்யூட், அப்ட்யூஸ் என்று சொல்லிக்கொடுத்தாலும் அதே பலன்தான், கண்ணால் பார்க்க வைத்தால்.

தமிழ்ச் சொல் என்றாலே எளிது என்றும் நான் வாதாட வரவில்லை. 0, 1, 2, 3 என்று போவதை முழு எண்கள் என்றும், அதோடு மைனஸ் எண்களையும் சேர்த்தால் முழுக்கள் என்றும் பெயர் வைத்தவர்கள் மேல் எனக்கு நெடுநாள் கோபம் உண்டு. ‘மிகை நிரப்புக் கோணங்கள்’ என்பதைப் பிள்ளைகள் சொல்லி முடிப்பதற்குள் மணி அடித்துவிடும். பின்னத்தில் தொகுதி மேலேயா, பகுதி மேலேயா என்று தமிழ்வழிப் பிள்ளைகளும்தான் தடுமாறுகிறார்கள். திருப்பூரில் நான் வேலை பார்த்த காலத்தில் விட்டம் என்று யாரும் சொன்னதில்லை, டயாதான். 30 டயா, 24 கேஜ் மிஷின் என்றால், ஊசிகள் நிற்கும் வட்டத்தின் விட்டம் 30 அங்குலம், அதன் சுற்றில் அங்குலத்துக்கு 24 ஊசி. 30-ஐ 3.14-ஆல் பெருக்கி, வந்ததை 24-ஆல் பெருக்கினால் சுமார் 2,260 ஊசி. டயா என்று சொன்னதற்கு அங்கே யாரும் என்னைத் திட்டவில்லை, விட்டம் என்று சொல்லியிருந்தாலும் கையை நீட்டிக் காசு கேட்டிருக்க மாட்டார்கள்.

பெற்றோர்தானே ஆங்கிலம் கேட்டீர்கள் என்பீர்கள். ஆமாம், கேட்டோம். இனியும் கேட்போம். அரசுப் பள்ளிகளில் 2012-13-ஆம் ஆண்டு ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கியபோது வரிசையில் நின்று சேர்த்தவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். எங்கள் பிள்ளைகள் கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ போய் நிற்கும்போது வாய் திறக்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் இருக்கிறது. ஆனால் தமிழை வாயை விட்டுத் துரத்துங்கள் என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வின் கணக்கு வினாத்தாளே தமிழிலும் ஆங்கிலத்திலும் சேர்ந்துதான் அச்சாகிறது. நீட் தேர்வையும் ஜே.இ.இ. மெயின் தேர்வையும் தமிழில் எழுதலாம். அங்கெல்லாம் இரண்டுக்கும் இடம் இருக்கிறது, உங்கள் ஏழாம் வகுப்பில் மட்டும் இல்லையா?

எண்களைப் படிப்பதில்கூட இந்தத் தடை பிள்ளைகளைக் கவிழ்க்கிறது. காலாண்டில் 1234567-க்குக் காற்புள்ளி இடச் சொல்லி, அதை மில்லியனில் படிக்கச் சொல்லியிருக்கிறீர்கள். பன்னிரண்டு லட்சத்து முப்பத்து நாலாயிரத்து ஐந்நூற்று அறுபத்தேழு என்று வாயால் சரளமாகச் சொல்லும் பிள்ளைகள் இவர்கள். பத்து லட்சம்தான் ஒரு மில்லியன் என்று ஒரே ஒரு வரி தமிழில் சொல்லியிருந்தால், 12,34,567 என்பதும் 1,234,567 என்பதும் ஒரே எண்தான் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஒரு வரிதான் சட்டவிரோதமாகிவிட்டது.

சட்டம் என்று வந்ததால் அதையும் சொல்லிவிடுகிறேன். குழந்தைகளுக்கான இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009. அதன் 29-ஆம் பிரிவு, பயிற்றுமொழி நடைமுறைக்கு இயன்ற வரையில் குழந்தையின் தாய்மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. 17-ஆம் பிரிவு, உடல் ரீதியான தண்டனையையும் மன ரீதியான துன்புறுத்தலையும் தடை செய்கிறது. வீட்டில் பேசும் மொழியில் ஒரு சொல் வந்ததற்காக ஒரு பெண்ணை வகுப்பு முடியும் வரை நிற்க வைத்ததை இதில் எந்தப் பக்கம் வைப்பீர்கள் என்று நீங்களே சொல்லுங்கள். தண்டனைக்குப் பயந்து, புரியவில்லை என்று சொல்வதையே பிள்ளைகள் நிறுத்திவிட்டார்கள். புரியவில்லை என்பதை ஆங்கிலத்தில் சொல்ல வராதவர்களும் அவர்களில் உண்டு.

எனவே நிர்வாகத்திடம் நாங்கள் கேட்பது இவை. அபராதத்தையும், தமிழ்ச் சொல் எழுதினால் மதிப்பெண் இல்லை என்ற விதியையும், பள்ளி மறுபடி கூடும் முதல் நாளிலேயே எழுத்து மூலமாக ரத்து செய்யுங்கள். இதுவரை வசூலித்த காசை அந்தந்தப் பிள்ளைகளிடம் திருப்பிக் கொடுங்கள். தொகை சின்னதுதான், ஆனாலும் கொடுங்கள்.

அந்த 140 சொல் பட்டியலைத் திரும்பப் பெற்று, தமிழ்ச் சொல், ஆங்கிலச் சொல், பக்கத்தில் ஒரு படம் என்று மூன்றும் இருக்கும்படி புதிதாகத் தயாரியுங்கள். பிழை திருத்தும் வேலையைக் கணக்கு ஆசிரியரோடு உட்கார்ந்து செய்ய நான் தயார், அதற்குச் சம்பளம் வேண்டாம். கரும்பலகையில் ஒரு புதுச் சொல் எழுதும்போது இரண்டு மொழியிலும் எழுத ஆசிரியருக்கு அனுமதி கொடுங்கள். விளக்கம் எந்த மொழியில் பிள்ளைக்குப் புரிகிறதோ அந்த மொழியில் நடக்கட்டும்.

வெள்ளிக்கிழமை டெஸ்ட் தொடர்வதில் எங்களுக்கு மறுப்பில்லை. ஆனால் அதில் பாதி மதிப்பெண் வரைவதற்கும் அளப்பதற்கும் இருக்க வேண்டும். ஸ்பெல்லிங் பிசகினால் கணக்குக்கு மதிப்பெண் குறைக்கக் கூடாது, ஸ்பெல்லிங்கை ஆங்கில வகுப்பில் பார்த்துக்கொள்ளலாம். பீரோ மேலிருக்கும் கருவிகளை வகுப்பறைக்கு இறக்குங்கள். ஜாமெட்ரி பாக்ஸ் வாங்க முடியாத பிள்ளைகள் வகுப்புக்குச் சிலர் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பாகைமானியும் கவராயமும் பள்ளி வாங்கித் தர வேண்டும், முடியாது என்றால் சொல்லுங்கள், ஊரில் நாங்கள் சேர்த்துத் தருகிறோம். டெஸ்டில் மிகச் சிறிய பகா எண் 2 என்று எழுதித் தவறு என்று அடிக்கப்பட்ட விடைகளையும், தமிழில் எழுதியதற்காகப் பூஜ்யம் போட்ட விடைகளையும் மறுபடி திருத்திச் சரியான மதிப்பெண் போடுங்கள்.

கடைசியாக, நவம்பர் முடிவதற்குள் பெற்றோர் கூட்டம் ஒன்றைக் கூட்டுங்கள். தறிக்கும் மில்லுக்கும் கட்டட வேலைக்கும் போகிறவர்கள் வரும்படி ஞாயிற்றுக்கிழமை சாயந்திரமாக வைத்தால் நல்லது. இந்த மடலுக்கு உங்கள் பதிலை அந்தக் கூட்டத்தில் எழுத்தில் கொடுக்க வேண்டும். அரையாண்டுத் தேர்வு வினாத்தாள் தயாராவதற்கு முன்னால் அது எங்கள் கைக்கு வர வேண்டும்.

இப்படிக்கு,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் தாய்,
சென்னிமலை வட்டாரம், ஈரோடு மாவட்டம்